‘இனிமேல்’ என்று சொல்லாதவள்

அந்த அக்காவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து திரிகோணமிதி படித்தவர்களுக்குப் பொறுமை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அவளை நினைத்தால் முதலில் வருவது பாசம் இல்லை, எரிச்சல்தான். பாசம் கொஞ்சம் தாமதித்து, வர மனமில்லாததுபோல வந்து நிற்கும்.

அவள் சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். ஊரில் அவள் அப்பாவும் என் அப்பாவும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. மலாயாவுக்கு வந்த கப்பலும் ஒன்றுதான். அந்தக் கப்பலில் அக்காவின் அண்ணன் கைக்குழந்தை. அக்கா பிறகு இங்கே பிறந்தவள். என் அப்பாவுக்கு நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்திருந்தது, மலாக்கா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக ஏறி, பாச்சாங்கில் வீடு எடுத்துக் குடியிருந்தார். அவள் அப்பா தோட்டத்துக்குப் போனார். ஜப்பான்காரன் அவரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனான், திரும்பவில்லை. அதன்பிறகு அந்தக் குடும்பத்தைத் தாங்கியது அண்ணன்தான். தான் பால் மரம் வெட்டிக்கொண்டு தங்கையைப் படிக்க அனுப்பிய ஆள் அவர். தோட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஜப்பான் காலத்தில் படிப்பு கெட்டு, வயது கடந்துபோன எங்களைப்போன்றவர்களைப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாது. டவுனில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், மத்தியான வெயிலில், சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குத் தனியார் வகுப்பு நடந்தது. அதற்காகத்தான் அக்கா எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். பாஸ் பண்ணினால் டீச்சர் பயிற்சிக்குப் போகலாம், இல்லாவிட்டால் தோட்டத்தில் பால் வாளி. அவளுக்கும் அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அப்படி இருந்தாள் என்பதுதான் என் புகார்.

வகுப்பில் மாஸ்டர் முதல்முதலாகக் கரும்பலகையில் ‘ப்ரூவ் தி ஐடென்டிட்டி’ என்று எழுதிய அன்று பின்வரிசையில் ஒருவன் எழுந்து சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து நீட்டினான். அவன் கேலிக்குச் செய்யவில்லை. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும் படம் ஒட்டி, கட்டைவிரல் ரேகை வைத்த ஐடென்டிட்டி கார்டு இருந்தே தீர வேண்டும். பஸ்ஸை நிறுத்துவார்கள், கேட்பார்கள், நீட்டுவோம். எங்கள் எல்லாருக்குமே அந்த வார்த்தை அதுதான். மாஸ்டர் சிரித்துவிட்டு, இது வேறே, சமன் குறிக்கு இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒன்றுதான் என்று காட்டுவது என்று விளக்கினார். வகுப்பே சிரித்து ஓய்ந்தது. அக்கா மட்டும் கை தூக்கினாள்.

“ஒண்ணுதான்னு அவங்களே எழுதிட்டாங்களே சார். அப்புறம் நாம எதுக்கு?”

“ஒண்ணுதானான்னு நீ காட்டணும்மா.”

“அப்ப அந்த ஈக்வல் குறிய நான் கடைசியிலதான் போடணும். மொதல்லயே போட்டுக்கக் கூடாது. சரிதானே சார்?”

மாஸ்டர் சரி என்றார். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவளோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

ஒரு கணக்கைச் சொன்னால்தான் என் கஷ்டம் புரியும். ஒன்று கழித்தல் காஸ் ஏ, அதன் கீழே சைன் ஏ. அது இடது பக்கம். சைன் ஏ, அதன் கீழே ஒன்று கூட்டல் காஸ் ஏ. அது வலது பக்கம். இரண்டும் சமம் என்று காட்ட வேண்டும். நான் என்ன செய்வேன்? குறுக்கே பெருக்குவேன். ஒரு பக்கம் ஒன்று கழித்தல் காஸ் வர்க்கம், மறு பக்கம் சைன் வர்க்கம். இரண்டும் ஒன்றுதான் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மூன்று வரி. முடிந்தது. பேனாவை மூடிவிட்டு வறுத்த கடலைக்குக் கை நீட்டுவேன்.

“குறுக்க பெருக்கினியே, ரெண்டும் சமம்னு உனக்கு யாரு சொன்னா?” என்பாள்.

“கேள்வியிலயே போட்டிருக்கு அக்கா!”

“அதத்தானே நம்மள நிரூபிக்கச் சொல்றான்?”

இதுதான் அவள் வாசகம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று என் காதில் விழுந்தது. அவள் இடது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வாள். வலது பக்கத்தை ஒரு காகிதத் துண்டால் மூடியே வைத்துவிடுவாள், கண் போய்விடக் கூடாதாம். மேலேயும் கீழேயும் ஒன்று கூட்டல் காஸ் ஏ-யால் பெருக்கி, ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து, கடைசியில் காகிதத்தை எடுத்துப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அப்போதுதான் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதுவும் போதாது. பக்கத்தில் சின்ன எழுத்தில், நான் எதால் பெருக்கினேனோ அது சைபர் இல்லை என்று ஒரு வரி சேர்ப்பாள். சைபராக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒருநாள் கத்தினேன். “இருந்தா இது கணக்கே இல்லடி, கண்கட்டு” என்றாள், மிக அமைதியாக. அந்த அமைதிதான் உயிரை வாங்கும்.

பெரிய கணக்குகளுக்கு எல்லாரும் கையாளும் ஒரு வழி உண்டு. இடது பக்கத்திலிருந்து முடிந்தவரை கீழே வருவது. வலது பக்கத்திலிருந்து முடிந்தவரை மேலே போவது. நடுவில் ஒட்டாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாண்டு. திருத்துகிறவர் அவசரத்தில் இருந்தால் கவனிக்க மாட்டார். நான் அதில் கெட்டிக்காரி. அக்கா தாண்ட மாட்டாள். ஒட்டாத இடம் வந்தால் அங்கேயே நிறுத்தி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அத்தைக்கு மீன் கழுவிக் கொடுக்கப் போய்விடுவாள். என் அம்மாவைத்தான் அவள் அத்தை என்பாள்.

கணக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கு வந்த ஒரு வரனைப் பற்றி அம்மா அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுங்கை ஊடாங் பக்கம், நல்ல குடும்பம், ஒரு தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, அங்கே பெண் கொடுத்திருக்கிறார்.

“நல்ல குடும்பம்னு எப்படித் தெரியும் அத்தை?”

“நல்ல குடும்பமா இல்லாட்டி அந்தக் கிராணி அவங்க வீட்டுல பொண்ணு குடுப்பாரா?”

“அந்தக் கிராணி நல்லவரா?”

“பின்ன? அப்படிப்பட்ட குடும்பத்துல சம்பந்தம் வெச்சிருக்காரே!”

“சுத்தி சுத்தி அங்கயேதான் வந்து நிக்குது அத்தை” என்றாள். அம்மா அவளை இரண்டு நாள் அடுப்படிக்குள் விடவில்லை. அந்த வரன் தானாகவே கலைந்தது, பழி மட்டும் அக்கா மேல் விழுந்தது.

இன்னொரு முறை விடுமுறைக்கு அவளோடு தோட்டத்துக்குப் போனேன். அலோர் காஜா ரோட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு மலாய் போலீஸ்காரர், சின்ன வயது, அவளுடைய கார்டை வாங்கிப் பார்த்தார். படத்தில் அவளுக்கு அம்மை போட்ட முகம், இளைத்து வேறு ஆள் மாதிரி இருப்பாள். “இனி அவாக்கா?” இது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் வேலை முடிந்தது. இவள் என்ன சொன்னாள் தெரியுமா? நான்தான் என்று நான் சொன்னால் எப்படி சார் நம்புவீர்கள், ரேகை வைத்திருக்கிறதே, அதைப் பாருங்கள் என்று மலாயில் சொல்லிக் கட்டைவிரலை நீட்டினாள். அந்த ஆளுக்குக் கேலி செய்கிறாள் என்று தோன்றிவிட்டது. எல்லாரையும் இறக்கி, மூட்டை முடிச்சை அவிழ்த்து, கோழிக் கூடைவரை கொட்டிப் பார்த்தார்கள். வெயிலில் நின்ற ஒரு சீனக் கிழவி அவளைப் பார்த்துத் துப்பினாள். எனக்கும் அந்தக் கிழவியோடு சேர்ந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

அடுத்தது நடந்தபோது சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி அப்போது முள்வேலி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பதால் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அரிசி ஒரு பிடி வெளியே போனாலும் குற்றம். அக்காவின் அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். முன்னே இரண்டு முறை கலைந்துபோனதால், இந்தத் தடவை பிள்ளை தங்க வேண்டும் என்று அண்ணன் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டிருந்தார். மரக்காட்டின் கோடியில், வேலிக்கு வெளியே, முனியாண்டி என்று ஒரு கல் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிடி பச்சரிசி, ஒரு துண்டு வெல்லம், இலையில் வைத்துவிட்டு மரம் வெட்டப் போவார். ஒரு வெள்ளிக்கிழமை இடுப்பு மடிப்பில் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

போன வாரம் வைத்த அரிசி எங்கே என்று கேட்டார்கள். “சாமி எடுத்துக்கிச்சு” என்றாராம். எந்தச் சாமி, காட்டு ஆட்களைப்போலத் தொப்பியில் மூன்று நட்சத்திரம் வைத்த சாமியா என்று சிரித்தார்களாம். அந்த அரிசியை அணில் தின்றதோ, கோழி தின்றதோ, காட்டிலிருந்து வந்தவன் அள்ளிக்கொண்டு போனானோ, யாராலும் சொல்ல முடியாது. பிடித்து வைத்தார்கள். வழக்கெல்லாம் கிடையாது. விசாரணையில்லாமலே வைத்திருக்க அப்போது சட்டம் இருந்தது.

இப்படிப் பிடிபட்டவர்களின் முறையீட்டைக் கேட்க மூன்று பேர் கொண்ட ஒரு குழு மலாக்காவில் உட்கார்ந்தது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் என் அப்பா. நடுவில் உட்காரும் வெள்ளைக்காரர் இளகிய மனசுக்காரர் என்று அப்பாவுக்குத் தெரியும். குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து உறுதி சொன்னால் விட்டுவிடுவார். முந்தின நாள் மாலை அப்பா அக்காவை உட்கார வைத்துப் பேசினார்.

“ஒரே வார்த்தைதான்மா. ‘எங்க அண்ணன் இனிமேல் குடுக்க மாட்டாரு’ன்னு சொல்லிடு. நாளைக்கே வீட்டுக்கு வந்துடுவான். புள்ள பொறக்கற நேரம்லா.”

“இனிமேல்னா, முன்ன குடுத்தாருன்னு ஆயிடும்ல மாமா?”

“ஆனா ஆயிட்டுப் போகுது.”

“அதத்தானே மாமா அவங்க நிரூபிக்கணும்? நாமளே எடுத்துக் குடுத்துட்டா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக நான் படுகிற பாடு அப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் நடந்ததை அப்பா வாயால்தான் கேட்டேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அக்கா உள்ளே வராமல் வாசலிலிருந்தே பின்பக்கம் போய்விட்டாள். அவளைக் குழுவின் முன் நிறுத்தியபோது தமிழில் பேசினாளாம். “மனுசங்க யாருக்கும் அரிசி குடுக்கலன்னு எங்க அண்ணன் என்கிட்ட சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சு அவரு பொய் சொன்னதில்ல. குடுக்கவும் மாட்டாரு.” இதைத்தான் சொன்னாள். அப்பா எழுந்து நின்று இங்கிலீஷில் திருப்பினார்: தன் அண்ணன் இனிமேல் யாருக்கும் அரிசி கொடுக்க மாட்டார் என்று இந்தப் பெண் உறுதி கூறுகிறாள்.

வெள்ளைக்காரர் முகம் மலர்ந்து பேனாவை எடுத்துவிட்டாராம்.

“எக்ஸ்கியூஸ் மீ, சார்” என்றாளாம் இவள். பிறகு சுத்தமான இங்கிலீஷில், நான் ‘இனிமேல்’ என்று சொல்லவில்லை, அது மொழிபெயர்ப்பில் கூடியிருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாளாம்.

“என் சர்வீஸ்ல ஒரு ஜட்ஜுகூட என்னை இப்படிக் கேட்டதில்ல” என்றார் அப்பா. “நான் சேத்தது ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அவளுக்காகத்தான் சேத்தேன். எல்லார் முன்னாடியும் அந்த வெள்ளக்காரன் என்னைப் பாத்த பார்வை இருக்கே...” எழுந்து குளிக்கப் போய்விட்டார். அண்ணனை விடவில்லை. அந்த வாரமே தூரத்தில் ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் பின்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல!

“அவரு குடுக்கலன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்? நீ நிரூபிச்சியா?”

கல்லில் ஒட்டியிருந்த சோப்பை நகத்தால் சுரண்டினாள். “இல்ல. எனக்குத் தெரியாது” என்றாள்.

“தெரியாதப்ப சொல்லித் தொலைச்சா என்ன?”

“தெரியாதப்ப எப்படிடி சொல்றது?”

அவளை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. ஓர் ஆள் உள்ளே கிடக்கிறார், அவர் மனைவிக்கு மாதம் நெருங்குகிறது, இவள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணி ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள், இனி இந்த முகத்தை லயத்துப் பக்கம் காட்ட வேண்டாம் என்று. அக்கா அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வகுப்புக்குக் கிளம்பி நின்றாள்.

பரீட்சை வந்தது. ஐடென்டிட்டி கேள்வி கொஞ்சம் பொல்லாத கேள்வி. நான் மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி, நடுவில் ஒரு தாண்டு தாண்டினேன். கணக்கில் எனக்குக் கிரெடிட் கிடைத்தது. அக்கா பாதிவரை போய், இதற்குமேல் என்னால் போக முடியவில்லை என்று இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டு வந்தாள். கணக்கில் ஃபெயில் ஆகிவிட்டாள். மறுபடி எழுத எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அப்பா அவளோடு பேசுவதைக் குறைத்திருந்தார், ஆனால் போ என்று சொல்லவில்லை.

பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. அப்பன் இல்லாமலே பெயர் வைத்தார்கள். அது குப்புற விழுந்து, தவழத் தொடங்கிய நேரத்தில் அண்ணனின் முறையீட்டை மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை தங்கையைக் கூப்பிட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். குழுவின் முன் நின்று, “இனிமேல் குடுக்க மாட்டேன்” என்றார். அப்பா அதை அப்படியே திருப்பினார். எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

விட்டுவிட்டார்கள். நானும் அக்காவும் தோட்டத்துக்குப் போனோம். பிள்ளை அவரைப் பார்த்து வீறிட்டு அழுது அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் சும்மா சிரித்தார். அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“அண்ணே, குடுத்தியா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

“வீட்டுக்கு வரணும்ல, தங்கச்சி.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அண்ணிதான் எழுந்து உள்ளே போனாள். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இப்போதாவது புரிந்ததா என்று கேட்க என் நாக்கு துடித்தது.

சில வாரங்கள்தான். பிள்ளை அவரிடம் போகப் பழகிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் நின்ற தோட்டத்து லாரியைக் காட்டிலிருந்து வந்தவர்கள் கொளுத்திவிட்டார்கள். விடிந்ததும் போலீஸ் நேராக அவர் வாசலுக்குத்தான் போனது. யாரைச் சந்தேகிப்பது என்று அவர்கள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இவன் முன்பே அரிசி கொடுத்தவன், தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவன் என்று எழுதி வைத்திருக்கிறதே! ஊரில் பிறந்தவர் என்பதால் இந்தத் தடவை முகாம்கூட இல்லை. கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி இங்கே பிறந்தவள், அவளையும் பிள்ளையையும் அவள் தாய்வீடு அனுப்பவில்லை. அவருக்கு அந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாது. கைக்குழந்தையாக விட்டு வந்த ஊர்.

கப்பல் போய்விட்டது என்ற செய்தியை அப்பாதான் கொண்டுவந்தார். அக்கா கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் எதிரில் வந்து நின்றார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்துப் பேசினார்.

“நீ சொன்னதுதான் சரிம்மா. நான்தான் யோசிக்கல. அந்த ஒரு வார்த்தைதான் அவன மாட்டி விட்டிருச்சி.”

இதற்குத்தானே இத்தனை நாள் இத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினாள்? இப்போதாவது அழுவாள், அல்லது தலை நிமிர்ந்து உட்காருவாள் என்று எதிர்பார்த்தேன்.

“சரியா இருந்து என்ன மாமா செய்ய?” என்றாள். “எப்படியும் அவர ஏத்தி அனுப்பத்தான் போறாங்கன்னா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. புள்ள பொறந்தப்ப கூட இருந்திருப்பாரு. அது குப்புற விழறத, தவழறதப் பாத்திருப்பாரு. அந்தக் கொஞ்ச மாசத்தையாச்சும் அவருக்குக் குடுத்திருக்கலாம்.”

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இல்லை அக்கா, நீ நினைப்பது தப்பு, உன் மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொல்ல, அவள் சொன்னதில் எங்கேயாவது ஓர் ஓட்டை கிடைக்குமா என்று தேடினேன். அன்றைக்கும் தேடினேன், அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் தேடினேன். கிடைக்கவில்லை.